ஒன்பது அவகாடோ மரங்கள்

"ரெண்டு காலையும் வையுங்கோ அண்ணை. ஒரு காலை மட்டும் நனைச்சால் காணாது."

றெஜிபோம் ஐஸ் பெட்டிக்குள் வெள்ளைத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. வந்தவர் கேற் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைச் செருப்போடு உள்ளே வைத்தார். பிறகு மற்றதையும் வைத்தார். சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார். புளீச்சிங் பவுடரின் நெடி கண்ணில் ஏறியது.

"எவ்வளவு நேரம் நிக்கோணும்?"

"ஒரு பரலோக மந்திரம் சொல்லுற நேரம்."

அவர் சொன்னார். பாதியை விழுங்கிவிட்டு ஆமென் என்றார்.

"கோயிலில சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ. இது காணாது."

அவர் றொட்னி. ஊர்க் கோயிலின் மூப்பர். கோயிலில் செபத்தைத் தொடங்கி வைப்பவர் அவர்தான். சிரித்துவிட்டு இரண்டாம் தடவை நிதானமாகச் சொன்னார். அதன் பிறகு றஞ்சிதம் கேற்றைத் திறந்தாள்.

கேற்றிலிருந்து வீட்டுப்படிவரை செங்கல் பதித்த ஒற்றையடிப் பாதை. பாதையின் இடதுபுறம் நான்கு மண்மேடுகள், வலதுபுறம் ஐந்து. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ஆள் உயரத்தில் ஒரு அவகாடோ மரம். மேடுகளைச் சுற்றித் தண்ணீர் வடியக் கான் வெட்டப்பட்டிருந்தது. மேடுகளின் மேல் வைக்கோல் பரப்பியிருந்தது. தண்டைச் சுற்றி மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மண். றொட்னி செங்கல்லை விட்டு விலகாமல் நடந்து வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார்.

"மாதா வெள்ளிக்கிழமை உன்னட்ட வாறா பிள்ளை. கொலின்ஸ் வீட்டில இருந்து."

செபமாலை மாதத்தில் மாதா சொரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் தங்கும். மாலையில் ஊர்ச் சனம் அந்த வீட்டுக்குப் போய்ச் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடக்கும். அங்கே செபமாலை சொல்லி, தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கலையும். விடத்தல்தீவுக்கு உட்புறம் வயல் தொடங்கும் இடத்தில் அவர்களுடைய ஊர். இருபத்திரண்டு வீடுகள். வெறுங்காலோடு நடப்பதுதான் வழக்கம்.

"எத்தினை பேர் வருவினம்?" என்று கேட்டாள்.

"நாப்பது வரும். மழை எண்டால் கொஞ்சம் குறையும்."

"எல்லாரும் கால் வைக்கோணும்."

"எதில?"

அவள் கேற்றைப் பார்த்தாள். றொட்னி அவளைப் பார்த்தார்.

"பகிடியோ?"

"இல்லை அண்ணை."

"போன வருசம் இப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே."

"போன வருசம் மாதா வரேக்க மழை தொடங்கேல்ல. புழுதிக் காலோட வந்தவை. இந்த முறை எல்லா வளவும் சேறு. அந்தச் சேறு இஞ்ச வரக்கூடாது."

றொட்னி தேத்தண்ணீரை முடித்தார். மாதாவைத் தூக்கி வருகிற சனத்தைப் பார்த்து மருந்துத் தண்ணிக்குள் இறங்கு என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அவளே சொல்லட்டும் என்றார். எழும்பிப் போகும்போது கேற்றடியில் நின்று திரும்பிக் கேட்டார்: "வெளிய போகேக்கையும் நனைக்கோணுமோ?"

"வெளிய போகேக்க தேவையில்லை."

அவர் போனார்.

றஞ்சிதம் பேசாலையில் பிறந்தவள். கலியாணம் செய்து இந்த ஊருக்கு வந்தாள். கணவன் வின்சன்ட் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு கட்டாருக்குப் போனான். மூன்று வருடம் போன் எடுத்தான். அங்கே வேறு ஒருத்தியோடு இருக்கிறான், ஒரு பிள்ளையும் உண்டு என்பது ஊருக்குத் தெரியும். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்பதும் ஊருக்குத் தெரியும். கலியாண வீடுகளில் மணப்பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுக்க அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று பெண்களுக்கு விளங்கவில்லை. கூப்பிடாமல் விடுவது சுலபமாக இருந்தது.

எட்டு வருடம் நண்டுக் கொம்பனியில் வேலை செய்தாள். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலை. நகக்கண்கள் புண்ணாகி ஆறவில்லை. பிறகு வயிற்றில் கட்டி என்று சொல்லி மன்னாரிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே பத்தொன்பது நாள் படுத்திருந்தாள். அவளைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. தூரம் அப்படி. பக்கத்துக் கட்டிலில் ராக்கம்மா என்ற தேயிலைத் தோட்டத்துப் பெண். அவளுக்குப் பின்னேரம் ஆட்கள் வருவார்கள். ஒரு அவகாடோப் பழத்தை இரண்டாகப் பிளந்து, கொட்டையை எடுத்த குழிக்குள் சீனி போட்டு, ஒரு பாதியைக் கேட்காமலே றஞ்சிதத்தின் கையில் வைப்பார்கள். அவள் கரண்டியால் வழித்துச் சாப்பிடுவாள். இருவரும் அதிகம் பேசியதில்லை. ராக்கம்மா அவளுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டாள். முகவரி வாங்கவில்லை.

திரும்பி வந்த வருடம் ஒரு சின்னப் பட்டா லொறி ஊருக்குள் வந்தது. மா, மாதுளை, கொய்யாவோடு அவகாடோக் கன்றுகளும் அதில் இருந்தன. லொறிக்காரன் ஒலிபெருக்கியில் ஒரு வருடத்தில் காய்க்கும் என்று சொன்னான். வீட்டுக்கு இரண்டு, மூன்று என்று எல்லோரும் வாங்கினார்கள். றஞ்சிதம் பன்னிரண்டு வாங்கினாள். அவள் அவ்வளவு வாங்கியதைப் பார்த்து லொறிக்காரனே ஏனென்று கேட்டான்.

பின்வளவில் அவற்றை நட்டாள். பேசாலையில் அவளுடைய அப்பா தென்னை நட்ட மாதிரியே நட்டாள். இடுப்பளவு கிடங்கு வெட்டினாள். அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைகளைக் கவிழ்த்து அடுக்கினாள். மட்டைக்கு மேல் ஒரு பிடி உப்பு. அதற்கு மேல் கொஞ்சம் மண். கன்று கிடங்கின் அடியில், நிலமட்டத்துக்கு முழங்காலளவு கீழே நின்றது. பேசாலை மணலில் தண்ணீர் நிற்காது. கிடங்கும் மட்டையும் இல்லாவிட்டால் தென்னம்பிள்ளை காய்ந்துவிடும். அப்பா நட்ட எதுவும் பட்டுப்போகவில்லை. அவளும் காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி என்று ஊற்றினாள்.

ஆனால் இந்த ஊர் மண் களி. மழை தொடங்கியதும் பன்னிரண்டு கிடங்கும் பன்னிரண்டு கிணறாயின. இலைகள் முதலில் மஞ்சளாயின. பிறகு நுனி கருகித் தொங்கின. வாடியிருக்கிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றினாள். தைப்பொங்கலுக்கு முன்பு பன்னிரண்டும் செத்தன. மற்ற வீடுகளிலும் செத்தன. கொலின்ஸ் வீட்டில் ஒன்று மட்டும் சாகாமலும் தளிர்க்காமலும் நின்றது. கொலின்ஸின் மனைவி டிலோஜினி அதில் கயிறு கட்டித் துணி காயப்போட்டாள். மற்றவர்கள் செத்த கன்றைப் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு மறந்தார்கள். றஞ்சிதம் ஒரு கன்றைப் பிடுங்கி வேரோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

செட்டிகுளத்தில் நல்லையா என்பவர் ஒரு கன்று நேசரி வைத்திருந்தார். அவர் சிறு வயதாக இருந்தபோது மலைநாட்டிலிருந்து அங்கே வந்து குடியேறிய குடும்பம். அவளை வாசலிலேயே நிறுத்தினார்.

"அந்தப் பைய உள்ளுக்குக் கொண்டாராதீங்க. அங்கனயே வைங்க. வச்சிட்டு இந்தத் தொட்டிக்குள்ள காலக் கழுவிட்டு வாங்க."

அவர் வெளியே வந்துதான் கன்றைப் பார்த்தார். வேரின் நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். கறுத்த தோல் கழன்று வந்தது. உள்ளே நூல் போல ஒன்று மிஞ்சியது.

"எப்படி நட்டீங்க?"

சொன்னாள். மட்டை, உப்பு, இரண்டு வாளி எல்லாம் சொன்னாள். முடிந்ததும் அவர் தலையைச் சொறிந்தார். லொறிக்காரன் நோயோடு விற்றிருக்கிறான் என்றார்.

"பாதிய அவன் கொன்னுட்டான். மீதிய நீங்க கொன்னுட்டீங்க. தென்னைக்குச் செய்றத இதுக்குச் செஞ்சிருக்கீங்கம்மா. தென்ன எங்க போட்டாலும் நீச்சலடிக்கும். இது தண்ணிய கண்டா மூச்சு முட்டிச் சாகுற சாதி."

மண்ணுக்குள் ஒரு பங்கசு, ஒரு பூஞ்சணம், இருக்கிறது என்று அவர் விளக்கினார். கண்ணுக்குத் தெரியாது. ஈரத்தில் நகரும். மெல்லிய வேர்களைத் தின்னும். வேர் போனால் மரம் தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டு தாகத்தில் வாடும். அதைப் பார்த்து ஆட்கள் இன்னும் தண்ணீர் விடுவார்கள். வந்த மண்ணை விட்டு அது போகாது. ஒரு செருப்பில் ஒட்டிய சேறு போதும், ஒரு மண்வெட்டியின் முனை போதும், அடுத்த வளவுக்குப் போய்விடும்.

அவள் கன்று கேட்டாள். அவர் கொடுக்கவில்லை. வீட்டில் முழங்காலளவு குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பார்த்து வரச் சொன்னார். அவள் போய் முன்வளவில் வெட்டினாள். காலையில் நிரப்பினாள். அடுத்த நாள் மத்தியானமும் தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் மறுபடியும் பஸ் ஏறிப் போய்ச் சொன்னாள்.

"அப்ப குழிக்குள்ள வைக்காதீங்க. மேல வைங்க," என்றார். "மேடு கட்டி உச்சியில. ஒங்க இடுப்பு உசரம் மேடு. புது மண்ணு. பின்வளவு மண்ணு ஒரு கூடை வரக்கூடாது."

அவருடைய கன்றுகள் நிலத்தில் இல்லை. முழங்கால் உயர இரும்புச் சட்டங்களின் மேல் வரிசையாக நின்றன. கீழே சல்லிக்கல். தண்ணீர் விடும் குழாயின் வாய்கூட நிலத்தில் படாமல் கொளுக்கியில் தொங்கியது. அவர் ஒரு பையைக் கத்தியால் கீறி வேரைக் காட்டினார். இடியப்பம் மாதிரி வெள்ளையாக இருந்தது.

"இதத்தான் பாத்து வாங்கணும். எலையப் பாத்து வாங்கக்கூடாது. எலய எவனும் ஒரு வாரத்துக்குப் பச்சையா வச்சிருப்பான்."

பன்னிரண்டு கேட்டாள். ஒன்பதுதான் கொடுத்தார். அவளால் ஒன்பதைத்தான் பார்க்க முடியும் என்றார். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கவேண்டும், தண்டில் வைக்கோல் முட்டக்கூடாது, விரலை மண்ணில் விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், மண்வெட்டியை இரவல் கொடுக்காதீங்க, வாங்காதீங்க. பஸ் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அது மூன்று வருடங்களுக்கு முன்பு.

லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் செம்மண் இறக்கினாள். மண்ணைக் கேற்றுக்கு வெளியே கொட்டச் சொல்லி, தானே கூடையால் சுமந்து ஒன்பது மேடுகளைக் கட்டினாள். அதற்கு இருபத்தாறு நாள் ஆனது. பின்வளவை முள்ளுக்கம்பியால் அடைத்தாள். அந்தப் பக்கத்துக் கதவுக்கு ஆணி அடித்தாள். நண்டுக் கொம்பனியில் பழைய ஐஸ் பெட்டி ஒன்று கேட்டு வாங்கிக் கேற்றடியில் வைத்தாள். தினமும் விடிய மருந்தைப் புதிதாகக் கலக்கினாள்.

முதலில் ஊருக்கு அது பகிடியாக இருந்தது. றஞ்சிதத்தின் கேற்றில் ஆஸ்பத்திரி என்றார்கள். தபால்காரர் பெட்டியைத் தாண்டிக் குதிக்கப் பார்த்து விழுந்தார். அதன்பின் கடிதத்தை வேலியில் செருகிவிட்டுப் போனார். மண்வெட்டி கேட்டு வந்த றொட்னியின் மகனுக்கு இல்லை என்றாள். மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனான். அந்த ஊரில் மண்வெட்டி இல்லை என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

டிலோஜினிதான் கடைசிவரை வந்துகொண்டிருந்தாள். நண்டுக் கொம்பனியில் ஒரே மேசையில் வேலை செய்தவள். பின்னேரம் நான்கு மணிக்கு வந்து விறாந்தையில் இருந்து தலை உலர்த்துவாள். கொலின்ஸின் தாயைப் பற்றி முறைப்பாடு சொல்லுவாள். கால் வெடிப்புக்குள் மருந்து எரிகிறது என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் இறங்குவாள். ஒரு நாள் அவசரமாக வந்தவள் பெட்டியைச் சுற்றி நடந்து கேற்றைத் திறந்துவிட்டாள். றஞ்சிதம் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து, அப்படியே நில், அங்காலே போ என்று கத்தினாள். ஆட்டைக் கலைப்பதுபோல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். டிலோஜினி போனாள். அடுத்த நாள் நான்கு மணிக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. றஞ்சிதம் போய்க் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கொலின்ஸ் வளவில் அந்தக் கன்று நின்றது. அங்கே போனால் திரும்பி வந்து எல்லாவற்றையும் கழுவவேண்டும். போக நினைத்து, நினைத்து, ஒரு வருடம் போனது.

சில கிழமைகளில் ஞாயிறு பூசையிலிருந்து அடுத்த ஞாயிறு பூசைவரை அவள் ஒருவரோடும் பேசுவதில்லை. நல்லையாவுக்கு மாதத்தில் ஒரு தடவை போன் எடுப்பாள். அவர் இலையின் நிறத்தைக் கேட்பார். அவள் சொல்வாள்.

மரங்கள் வளர்ந்தன. இந்த மாசியில் ஆறு மரங்கள் முதன்முதலாகப் பூத்தன. ஒன்றும் காய் பிடிக்கவில்லை. முதல் பூ கொட்டத்தான் செய்யும் என்றார் நல்லையா. "இந்த மழயத் தாண்டிருச்சின்னா அடுத்த வருசம் காய் பாப்பீங்க. இந்த மழயில வேரு போச்சின்னா ஒன்பதும் போகும். ஒண்ணு ரெண்டுன்னு போகாது. பாத்துக்கங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொடங்கிய மழை விடவில்லை. றஞ்சிதம் நண்டுக் கொம்பனியிலிருந்து இன்னும் இரண்டு பெட்டிகள் கொண்டுவந்திருந்தாள். மூன்றையும் கேற்றடியில் வரிசையாக வைத்தாள். பக்கத்தில் நல்ல தண்ணீர் நான்கு வாளி, எரிந்தால் கழுவ. கொடியில் ஆறு புதுத் துவாய்கள். வீட்டுக்குள் மேசையில் வெள்ளை விரித்து மெழுகுதிரி வைத்தாள். பாய்களை விரித்தாள். நாற்பது பேருக்குத் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்தாள். கடலை அவித்துத் தாளித்தாள்.

ஆறு மணிக்கு கொலின்ஸ் வீட்டுப் பக்கம் மாதா பாட்டுக் கேட்டது. குடைகளும் போன் வெளிச்சங்களும் ஒழுங்கையால் வந்தன. கொலின்ஸும் இன்னொருவனும் சொரூபக் கூட்டைத் தோளில் வைத்திருந்தார்கள். சொரூபத்துக்குப் பொலித்தீன் சுற்றியிருந்தது. எல்லோருடைய காலும் முழங்கால்வரை சேறு.

மழைத் தண்ணீர் பெட்டிகளுக்குள் விழுந்து நிரம்பிக்கொண்டிருந்தது. மருந்து தண்ணியாகிக்கொண்டிருந்தது. றஞ்சிதம் குடைக்குள் பவுடர் டின்னை அணைத்துப் பிடித்தபடி, பெட்டிக்குக் கரண்டி கரண்டியாகப் போட்டுக் கலக்கினாள். அவர்கள் கிட்ட வரும்போதும் கலக்கிக்கொண்டு நின்றாள். பாட்டு நின்றது.

"எல்லாரும் கொஞ்சம் கால் வையுங்கோ," என்றாள். "கோவிக்காதேங்கோ. ஒரு நிமிசம்தான்."

பின்னால் நின்ற ஒருவர் சொன்னார்: "பெரிய வியாழன் பூசையில சுவாமியாரே பன்னிரண்டு பேரின்ர காலைத்தான் கழுவுறவர். றஞ்சிதமக்கா நாப்பதுக்கு வெளிக்கிட்டிருக்கிறா."

சனம் சிரித்தது. றஞ்சிதமும் சிரித்தாள். முன்னால் நின்ற இரண்டு பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு பெட்டியை நோக்கி வந்தார்கள். றொட்னியும் சாரத்தை மடித்துக் கட்டினார். அந்த நேரத்தில் அது நடந்துவிடும் போலத்தான் இருந்தது.

"நில்லுங்கோ றொட்னி மாமா," என்றாள் டிலோஜினி. அவள் கொலின்ஸுக்குப் பக்கத்தில் நின்றாள். "மாதா எங்கட வீட்டில இருந்து வாறா. ஒரு நாள் முழுக்க எங்கட வீட்டில இருந்தவ. எங்கட வீட்டு மண் என்ன, தீட்டோ?"

"தீட்டெண்டு ஆர் சொன்னது? நோய் டிலோஜினி. மண்ணில நோய்."

"என்ர மண்ணில."

"என்ர மண்ணிலயும் இருக்குது. பின்வளவுக்குள்ள நானே காலடி வைக்கிறேல்ல. கதவுக்கு ஆணி அடிச்சு வைச்சிருக்கிறன்."

"அப்ப எங்களுக்கும் ஆணி அடிச்சு வைச்சிருக்கிறியள்."

பெண்கள் இருவரும் சேலையைக் கீழே விட்டார்கள். றஞ்சிதம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கொலின்ஸ் முந்திக்கொண்டான். தோளில் பாரம் இருந்ததால் அவனால் தலையைத் திருப்ப முடியவில்லை. நேரே கேற்றைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"மாதாவைச் சுமக்கிறவன் மாதாவோட போய் மருந்துப் பெட்டிக்குள்ள நிக்கேலாது. நான் நிக்கமாட்டன். கேற்றைத் திறந்தால் வாறம். இல்லாட்டி அடுத்த வீட்டுக்குப் போறம்."

குடைகளில் மழை விழுந்துகொண்டிருந்தது. றொட்னி மடித்துக் கட்டிய சாரத்தோடு நின்றார். கேற்றின் கொளுக்கி றஞ்சிதத்தின் கைக்குக் கிட்ட இருந்தது. அதை எடுத்துவிட்டால் எல்லோரும் உள்ளே வருவார்கள். பாயில் இருப்பார்கள். டிலோஜினியும் வருவாள், வந்தபின் கோபமாக இருக்கமாட்டாள், அவள் சுபாவம் அப்படி இல்லை. செங்கல் பாதை ஒருவர் நடக்கும் அகலம். நாற்பது பேர் அதற்குள் நடக்கமாட்டார்கள். கான்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எண்பது காலின் சேறு அந்தத் தண்ணீரில் கரையும்.

"பின்னால வரேலாதோ பிள்ளை?" என்றார் றொட்னி. அவருக்கே தெரியும். பின்பக்கம் வாய்க்கால். இடுப்பளவு தண்ணீர்.

"மாதாவை என்னட்டத் தாங்கோ," என்றாள் றஞ்சிதம். "கூட்டில இருந்து எடுத்துத் தாங்கோ. நான் கொண்டுபோறன்."

"தனியாவோ?"

"ஓம்."

"செபமாலை?"

"நான் சொல்லுறன்."

றொட்னி கொலின்ஸைப் பார்த்தார். பிறகு கூட்டைக் கீழே இறக்கச் சொன்னார். பொலித்தீனைப் பிரிக்காமல் சொரூபத்தைத் தூக்கி, கேற்றின் மேலாக அவளிடம் நீட்டினார். பாலை மரத்தில் செய்த பழைய சொரூபம். ஐந்து வயதுப் பிள்ளையின் பாரம். அவள் குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள்.

சனம் ஒழுங்கையில் நின்றபடி ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். வெறும் கூட்டைக் கொலின்ஸ் தனியாகத் தோளில் போட்டுக்கொண்டு போனான். யாரோ பாட்டைத் தொடங்கி, மற்றவர்கள் சேராததால் விட்டுவிட்டார்கள்.

உள்ளே போய்ச் சொரூபத்தைத் துடைத்து மேசையில் வைத்தாள். மெழுகுதிரி கொளுத்தினாள். ஈரச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து பாயில் முழங்காலில் இருந்தாள். செபமாலையின் ஐந்து பத்து மணிகளிலும் ஒவ்வொரு மந்திரத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வார்கள். அவள் முதல் பாதியைச் சொன்னாள். சொல்லிவிட்டு, பழக்கத்தில், நிறுத்தினாள். பிறகு மறுபாதியையும் சொன்னாள். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் அந்த நிறுத்தம் வந்தது. அதை விட்டு ஓடிச் சொல்லப் பார்த்தாள், முடியவில்லை. மூன்றாம் பத்தில் கான் அடைத்துக்கொண்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. எழும்பி ரோர்ச்சோடு வெளியே போனாள். ஐந்தாவது மேட்டடியில் வைக்கோல் அள்ளுண்டு கானை மறித்திருந்தது. கையால் இழுத்து எடுத்தாள். திரும்பி வந்தபோது எந்த மணியில் விட்டாள் என்று தெரியவில்லை. மூன்றாம் பத்தை முதலிலிருந்து சொன்னாள்.

ஐந்து பத்தும் முடிய எட்டு மணி ஆகிவிட்டது. பாய்களைச் சுருட்டினாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. விடிய மழை விட்டிருந்தது. ஒன்பது மேடுகளையும் சுற்றிப் பார்த்தாள். கான்களில் தண்ணீர் பத்து மணிவரை ஓடியது, பிறகு நின்றது. இரண்டாவது மேட்டில் ஒரு பக்கம் சரிந்திருந்தது. கூடையால் மண் போட்டு அணைத்தாள். இலைகளில் வாட்டம் இல்லை. வேரைப் பற்றி இரண்டு மூன்று கிழமை போனால்தான் தெரியும். கேற்றடியில் மூன்று பெட்டிகளையும் கவிழ்த்துக் கழுவினாள். இரண்டை எடுத்து வைத்துவிட்டு ஒன்றில் மருந்து கலக்கினாள். கடலை புளித்துவிட்டது, கொட்டினாள். மாலை ஐந்தரைக்கு றொட்னி மூன்று பேரோடு வந்தார். கொலின்ஸ் வரவில்லை. அவள் சொரூபத்தைக் கேற்றின் மேலாகக் கொடுத்தாள். றொட்னி பிடித்துக்கொண்டு, மழை இன்னும் மூன்று நாள் இருக்காம் என்றார். ஓம் என்றாள். அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அந்த வீட்டுச் செபமாலைக்கு அவள் போகவில்லை. ஆறரைக்குச் சோறு வடித்தாள். ஏழு மணிக்குச் சாப்பிட்டாள்.